உன் பெட்டியில் இடம் இல்லையாம்

மகனுக்கு அம்மா எழுதுவது.

மேலே பிள்ளையார் சுழி போட்டுவிட்டேன். அதற்கு அடுத்த வரியில் இங்கு யாவரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று எழுத வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு அந்த ஒரு வரி மட்டும் பிழையில்லாமல் வரும். இந்தத் தடவை அதை எழுதவில்லை. நீ கடைசியாக எழுதிப் பதினோரு வெள்ளிக்கிழமை போய்விட்டது. நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று எனக்கும் தெரியாது, உன் அப்பாவுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. அந்த வழியை நான்தான் என் வாயால் சொல்லி அழிக்க வைத்தேன். எப்படி என்று ஒளிக்காமல் எழுதப்போகிறேன். இந்தக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து, நம் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிடப்போகிறேன். ஆவடியில் ஒருவர், பூந்தமல்லியில் இரண்டு பேர் இந்த வாரமே கிளம்புகிறார்களாம். அதனால் உன்னைத் தவிர யார் யாரோ படிப்பார்கள். படிக்கட்டும். வெட்கப்பட்டுக்கொண்டிருக்க எனக்கு இப்போது நேரமில்லை.

போன வருஷம் ஆவணியில் நீ கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் என்னைக் கரையான்சாவடிக்குக் கூட்டிக்கொண்டு போனாயே, மருந்துக்கடை மாடியில் விமலா வைத்திருக்கிற கம்ப்யூட்டர் சென்டருக்கு, அதிலிருந்து தொடங்குகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். ஏசி குளிரில் எனக்குத் தும்மல் வந்தது. நல்ல காரியம் தொடங்கும்போது தும்மல் வந்தால் ஆகாதென்று வெளியே வந்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டு மறுபடி போனேன். நீ சிரித்தாய். என் பெயரில் ஒரு மெயில் பெட்டி திறந்து கொடுத்தாய். வேலை செய்யும் இடத்தைச் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள், தபால் போட்டால் நம்பிக்கையில்லை, இந்தப் பெட்டி மட்டும் எங்கே போனாலும் மாறாது என்று சொன்னாய். நான் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். விமலாவிடம், எங்க அம்மாவுக்கு எல்லாத்தையும் படிச்சுச் சொல்லுங்க என்று ஒப்படைத்துவிட்டுப் போனாய். அவளும் நம் தெருவில் எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி அன்றைக்கே என்னை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

அங்கே வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறை. அன்றைக்கு நீ எழுதுவாய். நான் சனிக்கிழமை காலையில் அயனம்பாக்கத்தில் பஸ் ஏறி, வேற்காட்டில் இறங்கி அம்மனைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து விமலாவிடம் போவேன். நீ தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருப்பாய். அவள் படிப்பாள், நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். பிறகு பிரிண்ட் எடுத்துக் கொடுப்பாள். என்னால் அதைப் படிக்க முடியாது என்றாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து கம்பியில் குத்திவைப்பேன். சமையல்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில் தொங்குமே, கீழே மரக்கட்டை வைத்த கம்பி, கொரட்டூரில் வாடகை வீட்டில் இருந்தபோதே வாங்கியது, அதில்தான். பதிலுக்கு நான் சொல்லச் சொல்ல விமலா அடிப்பாள். முடிவில் ஒரு சாமி படம். நான் எந்தக் கோயிலுக்குப் போனாலும் அங்கே ஒரு படம் வாங்கிக்கொண்டு வந்து, அதை அவளுடைய மெஷினில் வைத்து உனக்கு அனுப்பச் சொல்வேன். பழனி, திருத்தணி, மாங்காடு, சமயபுரம் எல்லாம் உனக்கு வந்திருக்கும். படம் ஒவ்வொன்றும் பெட்டியில் ரொம்ப இடம் பிடிக்கிறது, அனுப்புகிற படத்துக்கு இங்கேயும் ஒரு நகல் தங்கிவிடுகிறது, பழையதையெல்லாம் அழிக்கலாமா என்று அவள் மூன்று நான்கு தடவை கேட்டாள். சாமி படத்தை அழிக்கிறதா என்று நான் அவள் வாயை அடைத்துவிட்டேன்.

அந்தக் கம்பியைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணம், வளைகாப்பு, பிள்ளை பிறந்தது, வேலை கிடைத்தது, இப்படி வந்த கடிதம்தான் அதில் ஏறும். சாவுச் சேதி வந்தால் வாசற்படி தாண்ட விடமாட்டேன். படித்த இடத்திலேயே கிழித்துப்போடுவது நம் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் மற்றவர்கள் படித்துவிட்டுக் கிழிப்பார்கள். நான் படிக்காமலே கிழிக்கிறவள். கொரட்டூரில் இருந்தபோது, நீ இன்னும் பள்ளிக்கூடம் சேரவில்லை, அப்பாவின் பெரியப்பா ஊரில் தவறிப்போனார். தகப்பன் இல்லாத உன் அப்பாவைத் தூக்கி வளர்த்தவர் அவர். சாவுக்கு அப்பா போய்விட்டு வந்தார். பிறகு கருமாதிக் கார்டு வந்தது. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து ஓட்டப் போயிருந்தார். ஓரத்தில் கறுப்பைப் பார்த்ததும் தெருவிலேயே நின்று நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். சாயங்காலம் அவர் வந்து என்றைக்கு என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றேன். எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைதானே வைப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு சொன்னது. படித்தேன் என்றே சொன்னேன். புது வேட்டியோடு நாங்கள் போய் இறங்கினபோது காரியம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பந்தல் பிரித்துக் கீற்றை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் மகன் எழுந்துகூட வரவில்லை. கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"வாடா தம்பி. சோறு மிச்சம் கீதான்னு பாக்க வந்தியா?"

அந்தக் குடும்பத்தோடு உன் அப்பா அப்புறம் பேசவே இல்லை, அவர்களும் பேசவில்லை. தபால்காரன் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொண்டேன். நான் படிக்காமல் கிழித்தது அவருக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. இந்தக் கடிதத்தை அவரும் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இன்னொன்று உனக்கே தெரியும். உனக்கு ஒன்பது வயசு. நான் ஒரு மண்டலம் விரதம் இருந்தேன். விரதம் முடிகிற வரைக்கும் இந்த வீட்டில் கெட்ட வார்த்தை, கெட்ட சேதி எதுவும் என் காதில் விழக்கூடாது என்று அப்பாவிடமும் உன்னிடமும் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தேன். ஏரிக்கரைப் பக்கம் விளையாடப் போனவன் காலில் ரத்தத்தோடு வந்தாய். கேட்டதற்கு முள்வேலி கிழித்துவிட்டது என்றாய். மஞ்சள் வைத்துக் கட்டினேன். நான்காம் நாள் கிணற்றடியில் குளிக்கும்போது அப்பாவிடம் மெதுவாக, கடித்தது நாய் என்று சொல்லியிருக்கிறாய். அவர் ஈரத் துண்டோடு உன்னைச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். நான் பின்னாலேயே பஸ் பிடித்து வந்தேன். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. அந்த நாய் அதற்குள் செத்துப்போயிருந்தது. ஏம்ப்பா நாலு நாள் கழிச்சு வந்திருக்கே என்று டாக்டர் கேட்டபோது நீ படுத்துக்கொண்டே சொன்னாய்:

"எங்கம்மா வெரதம் சார்."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவர் கண்ணைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மன் காப்பாற்றினாள், உனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கும் நான் பாடம் கற்றுக்கொள்ளவில்லை. நீதான் ஒரு பாடம் கற்றுக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் எது சொன்னாலும் நல்லதை முன்னால் சொல்லுவாய். சாப்பிட்டது, மழை பெய்தது, பரீட்சை சுலபமாக இருந்தது, இதையெல்லாம் சொல்லி என் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லலாம் என்று தோன்றினால் மட்டும் கடைசியில் கெட்டதைச் சொல்லுவாய். பாலிடெக்னிக்கில் ஃபெயிலாகி ஒரு வருஷம் வீணாய்ப் போனதைக்கூட, காலேஜ் பிள்ளையார் கோயிலில் சுண்டல் கொடுத்தார்கள் என்று ஆரம்பித்துத்தான் சொன்னாய். உன் மெயிலும் அப்படித்தான் இருக்கும். நல்லது மேலே, கெட்டது அடியில். இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அடியில் இருந்ததை நான் கேட்கவே இல்லை.

இந்த ஆவணியின் கடைசி வெள்ளிக்கிழமை ஒரு மெயில் எழுதினாயே, அதைச் சொல்கிறேன். மறுநாள் விமலா படித்தாள். நல்லா இருக்கேம்மா, வெயில் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, ரூமில் சாம்பார் வைக்கக் கத்துக்கிட்டேன், சமயபுரத்தம்மா படம் வந்தது. நான் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்த இடத்தில் வேலை முடிந்துவிட்டது, பாலைவனத்துக்குள் வேறெங்கோ ஏற்றிக்கொண்டு போகப்போகிறார்கள், எந்த இடம் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், எங்கள் எல்லார் பாஸ்போர்ட்டும் அவர்கள் கையில் இருக்கிறது, போன மாதம் அங்கே போன நாலு பேரிடமிருந்து தகவல் இல்லை என்று அவள் படித்துக்கொண்டே போனாள். அடுத்த வரி, அம்மா, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா. அவ்வளவுதான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். நிறுத்து என்று கத்தியிருக்கிறேன், பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் உதடு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அசைந்தது. பிரிண்ட் எடுத்து வைத்திருந்த தாளை வாங்கி மாடிப்படியில் நின்று கிழித்தேன். பெற்றவளுக்கு எழுதுகிற வார்த்தையா இது என்று உன்மேல் கோபம்கூட வந்தது. திரும்ப மேலே போய், கோயிலில் அன்று காலையில் வாங்கின அம்மன் படத்தை, இருக்கிறதிலேயே பெரிய படம் அது, உனக்குக் காவலாக அனுப்பச் சொன்னேன். பெட்டியில் கொஞ்சம்தான் இடம் இருக்கிறது என்று விமலா சொன்னாள். அனுப்பு என்றேன். அனுப்பினாள்.

அதற்கடுத்த இரண்டு சனிக்கிழமையும் பூந்தமல்லி ரோட்டில் பள்ளம் தோண்டியபோது டெலிபோன் கேபிள் அறுந்து அவள் சென்டர் ஓடவில்லை. மூன்றாவது சனிக்கிழமை பெட்டியைத் திறந்தால் மேலே சிவப்பில் ஒரு வரி. பெட்டி நிரம்பிவிட்டது, இனி வருவதை வாங்காது, அனுப்பினவருக்கே திருப்பி அனுப்பிவிடும் என்று அர்த்தமாம். நிரப்பியது எது தெரியுமா? நீ எழுதினது இல்லை. நீ எழுதினது எல்லாம் சேர்ந்தாலும் ஒரு மூலைக்குக் காணாதாம். நான் அனுப்பிய சாமி படங்களின் நகல். கடைசியாகக் காவலுக்கு அனுப்பினேனே, அந்த அம்மனோடு பெட்டி மூடிக்கொண்டது. அந்த மூன்று வாரத்தில் நீ எழுதினாயா, எழுதி அது உன்னிடமே திரும்பி வந்ததா, அம்மா வீட்டில் வாங்க ஆளில்லை என்று நினைத்தாயா, ஒன்றும் தெரியாது.

பழைய மெயிலை எல்லாம் ஃப்ளாப்பியில் இறக்கி வைத்துக்கொண்டு இங்கே அழித்துவிட்டால் பெட்டி காலியாகும், ஒன்றும் நஷ்டமில்லை, எப்போது வேண்டுமானாலும் ஃப்ளாப்பியைப் போட்டுப் படித்துக்கொள்ளலாம் என்றாள் விமலா. எனக்கு அது பிடித்திருந்தது. கம்பியில் ஏற்றுகிற மாதிரிதானே. அரை நாள் உட்கார்ந்தோம். ஒவ்வொன்றாகத் திறந்து, இது எதைப் பற்றியது என்று சொல்லி, ஏற்றினாள். சாமி படங்களையும் விடவில்லை. மூன்று ஃப்ளாப்பி ஆனது. உன்னுடைய அந்தக் கடைசி மெயில் வந்தபோது என்னைப் பார்த்தாள். அது வேண்டாம் என்றேன்.

"இதையும் போட்டுக்கலாம் அத்தை. ஓரமா கெடந்துட்டுப் போவுது."

"இந்த ஃப்ளாப்பி எங்க இருக்கப்போவுது தெரியுமா? சாமி அலமாரில. அதுக்குள்ள அந்த வார்த்தைய வெச்சிக்கினு நான் எப்படிம்மா வெளக்கேத்துவேன்?"

"இல்ல அத்தை, அதுல ஒரு…"

"அபசகுனத்தத் திருப்பித் திருப்பிச் சொல்லாத."

"அழிச்சிட்டா திரும்ப வராது அத்தை."

"வர வேணாம்."

இரண்டே வார்த்தை. அவள் பட்டனை அழுத்தினாள். குப்பைக்குப் போனதுகூடக் கொஞ்சம் இடத்தை அடைக்கும் என்று, அந்தக் குப்பையையும் காலி செய்யச் சொன்னேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். ஃப்ளாப்பி மூன்றையும் உறைமேல் மஞ்சள் குங்குமம் வைத்து முருகன் படத்துக்குக் கீழே அடுக்கினேன். மனசு லேசாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

பெட்டி காலியானது. காலியாகவே இருந்தது. நான்கு சனிக்கிழமை நான் போய் வெறுங்கையோடு திரும்பினேன். வேலை மும்முரம், கம்ப்யூட்டர் இல்லாத இடமாக இருக்கும் என்று உன் அப்பாவுக்கு நானே சமாதானம் சொன்னேன். அவருக்கு லேத்துச் சத்தத்தில் காது மந்தமாகி ரொம்ப நாளாகிறது, பேச்சும் குறைந்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"கடைசியா இன்னா எழுதினான்?"

சொன்னேன். பாலைவனம், பாஸ்போர்ட், அந்த நாலு பேர். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என்கிற வரை சொன்னேன்.

"ஆச்சுன்னா? அப்பால இன்னா எழுதிகிறான்?"

"அப்பால கேக்கல."

அவர் கையைக்கூடக் கழுவவில்லை. ஆணியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, சாமி அலமாரியைத் திறந்து ஃப்ளாப்பி மூன்றையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடினேன். குங்குமம் பட்டு ஃப்ளாப்பி கெட்டுப்போயிருக்குமோ, அலமாரியில் கற்பூரச் சூடு பட்டிருக்குமோ என்று நான் வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்தேன். ஒன்றும் கெடவில்லை. மூன்றும் திறந்தன. நீ எழுதின ஒவ்வொன்றும் பத்திரமாக இருந்தது. ரூமில் மின்விசிறி மாற்றியது, யாரோ மலையாளி பிறந்தநாளுக்குப் பாயசம் கொடுத்தது, தலைமுடி கொட்டுகிறது, அம்மா எண்ணெய் எது நல்லது. பழனி இருந்தது, திருத்தணி இருந்தது. அது ஒன்று மட்டும் இல்லை. விமலா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"நீங்க காதப் பொத்திக்கினீங்க அத்தை. நா கடைசி வரைக்கும் படிச்சேன். மூணு வாரம் மெயில் வரலன்னா இவரக் கேளுங்கன்னு ஒரு பாய் பேரு இருந்திச்சு. அவரு கடை நம்பரு, கடை இருக்கற ஊரு பேரு, எல்லாம் இருந்திச்சு."

"பேரு இன்னாம்மா?" என்றார் அப்பா.

"தெனம் எத்தினி பேரு மெயில் படிக்கிறேன் மாமா. பாய்னு மட்டுந்தான் நிக்கிது."

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. சொல்ல வந்தவளை அடக்கினவள் நான். அந்த மெயில் கம்பெனிக்கே அவள் இரண்டு தடவை எழுதிக் கேட்டாள், அழித்ததை எடுக்க முடியாது என்று பதில் வந்தது. உன்னை அனுப்பிவைத்த ஏஜெண்ட் ஆபீசைத் தேடி அப்பா மவுண்ட் ரோடுக்குப் போனார். அந்த இடத்தில் இப்போது துணி தைக்கிறார்கள், ஏஜெண்ட் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. நீ முதலில் கொடுத்த தபால் பெட்டி நம்பருக்கு ரிஜிஸ்தர் கடிதம் போட்டோம், ஒப்புகை அட்டை திரும்பி வரவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, உடம்பில் அடையாளம் ஏதாவது உண்டா என்பது. அதை எதற்குக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன் என்று எழுந்துவிட்டேன். அப்பா உட்காரச் சொன்னார். இப்போது இந்தக் கடிதத்தில் நானே எழுதுகிறேன், படிக்கிற யாராவது உன்னைப் பார்த்திருந்தால் தெரிந்துகொள்ளட்டும். இடது கெண்டைக்காலில் நாய் கடித்த தழும்பு, நான்கு பல் பதிந்தது. மஞ்சள் வைத்துக் கட்டினதால் நடுவில் கொஞ்சம் கறுத்திருக்கும்.

நானும் சும்மா இருக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஓடினேன். தினமும் ஒரு கோயில், தினமும் ஒரு படம். வெள்ளிக்கிழமை என்றால் இரண்டு. இங்கே பெட்டி மறுபடி நிரம்பக்கூடாதென்று, அனுப்பின நகலை அன்றைக்கே ஃப்ளாப்பிக்கு மாற்றச் சொல்லி இந்தப் பக்கத்தைக் காலியாகவே வைத்தேன். அந்தப் பக்கத்தை நினைக்கவில்லை. வருகிற மார்கழி நடுவில் இங்கிலீஷ் வருஷம் இரண்டாயிரம் பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று ஒரு பேச்சு. அவரவர் மெயிலை ஃப்ளாப்பியில் இறக்கிக்கொள்ள விமலாவின் மாடிப்படி வரைக்கும் ஆட்கள் நிற்கிறார்கள். அந்தக் கூட்டத்தில்தான் இந்தச் சனிக்கிழமை நானும் அப்பாவும் நின்றோம். எங்கள் முறை வந்தது. பெட்டியைத் திறந்தாள். பதினோரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக அதில் ஒன்று வந்திருந்தது.

அப்பாவுக்குக் காது கேட்காவிட்டாலும் புது மெயில் வந்திருக்கிறது என்று காட்டுகிற அந்தக் கறுத்த வரியைப் பார்த்துவிட்டார். என் தோளைப் பிடித்தார். எத்தனை வருஷமோ ஆகிறது அவர் என்னை நாலு பேர் முன்னால் தொட்டு. நான் விமலாவிடம், எதுவாக இருந்தாலும் கடைசி எழுத்து வரைக்கும் படி, நிறுத்தாதே என்று சொன்னேன். இரண்டு கையையும் மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன், காதுக்குப் போகாமல் இருக்க. அவள் மனசுக்குள் படித்தாள். திரும்ப ஒரு தடவை படித்தாள்.

"இது நம்ம மெயில்தான் அத்தை. நேத்து அனுப்புனது. திரும்பி வந்துகீது."

"ஏன்?"

"அவரு பெட்டியில இடம் இல்லையாம்."

இடம் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று அப்பா கேட்டார். ரொம்ப நாளாக யாரும் அதைத் திறக்கவில்லை, திறந்து ஒன்றையும் எடுத்துப்போடவில்லை, வந்ததெல்லாம் அப்படியே சேர்ந்துபோயிருக்கிறது என்று அவள் சத்தமாகச் சொன்னாள். கூட்டம் முழுக்கக் கேட்டது. உன் பெட்டியை நிரப்பினதும் நான்தான். நீ உயிரோடு எங்கேயோ அடைபட்டு, ஒரு நாள் எப்படியாவது ஒரு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாலும், உனக்கு யார் எழுதியிருந்தாலும், அந்த பாயே எழுதியிருந்தாலும், உள்ளே வர வழியில்லாமல் என் சாமிகள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

அதனால்தான் தாளில் எழுதுகிறேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். கருமாதிக் கார்டைப் பற்றி எழுதின இடத்தை எட்டிப் பார்த்துப் படித்தார். அடுத்த தாளை எடுத்துக் கொடுத்தார்.

பெற்றவள் பிள்ளைக்குப் புத்தி சொல்லி முடிக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, விபூதி வைக்காமல் வெளியே போகாதே என்று எப்போதும் சொல்வதைச் சொல்லவில்லை. இனிமேல் யாருக்கு எழுதினாலும் கெட்டதை முதல் வரியில் எழுது. நாளைக்கு உனக்கு ஒரு பெண்டாட்டி வந்து, பிள்ளை பிறந்து, அது காலில் ரத்தத்தோடு வந்து நின்றால், என்ன கடித்தது என்று நீ கேள். உன் பிள்ளை உன் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றுகிற மாதிரி எந்த விரதத்தையும் வைத்துக்கொள்ளாதே. நான் சாமியை விடவில்லை. விளக்கு எரிகிறது. ஆனால் அலமாரியில் ஃப்ளாப்பி இல்லை, அவை விமலாவிடமே இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டேன். கம்பியையும் காலி செய்துவிட்டேன்.

இந்தத் தாள் யார் மூலமாகவோ உன் கைக்கு வந்தால், நீ முதலில் செய்ய வேண்டியது ஒன்று. உன் பெட்டியைத் திறந்து நான் அனுப்பின சாமி படங்களை அழி. பழனி, திருத்தணி, வேற்காட்டு அம்மன், ஒன்று விடாமல் அழி, குப்பையிலிருந்தும் காலி செய். உனக்கு அதில் பாவம் ஒன்றும் வராது, வந்தால் என் தலையில் வரட்டும் என்று அம்மனிடம் சொல்லிவிட்டேன். இடம் வந்துவிடும். பிறகு எனக்கு ஒரு வரி எழுது. என் பெட்டி காலியாக இருக்கிறது. அது எந்த வரியாக இருந்தாலும், யார் எழுதின வரியாக இருந்தாலும், நான் கையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்பேன்.

அம்மா